பாண் வாங்கப் போனவரின் இடம்

லா ஷோ-து-ஃபோன்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மருமகள் சிவதர்சினிக்கு,

நான் இங்கே சுகம். காலையில் முழங்கால் சற்றுப் பிடிக்கிறது, வெயில் ஏற விட்டுவிடுகிறது. அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, குளிருக்குத் தக்க உடுப்பு இருக்கிறதா என்று எழுது. போனில் கதைக்கலாமே என்பாய். காதில் மாட்டும் கருவிக்கும் போனுக்கும் ஒத்துவரவில்லை, விசில் அடிக்கிறது. உன் திட்ட அலுவலகத்தின் தபால் பை வாரம் ஒருமுறை ஜெனீவாவுக்கு வந்துபோவதாக உன் அம்மா சொன்னார். ஆகவே இந்தக் கடிதம்.

உன்னை அக்தெமிருக்கு அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மத்திய ஆசியாவில் அப்படி ஓர் ஊர் இருப்பதே பலருக்குத் தெரியாது. மொஸ்கோவில் பொருளியல் ஆய்வு மாணவனாக இருந்தபோது, 1991 டிசம்பரில், கூட்டுப்பண்ணைகளைப் பார்த்து எழுத என்னை அங்கே அனுப்பினார்கள். நான் போய் இறங்கியபோது சோவியத் ஒன்றியம் இருந்தது. திரும்பியபோது இல்லை. என் ஆய்வேடும் அத்தோடு நின்றுபோனது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒருநாள் அங்கே ஒரு கட்டடத்தின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலே சேர்ந்துகொள்வது அந்நாட்டு வழக்கம். வருகிறவர் “யார் கடைசி?” என்று கேட்பார். ஒருவர் “நான்” என்பார். அவ்வளவுதான், அவருக்குப் பின்னால் உன் இடம் எழுதப்படாமலே உறுதியாகிவிடும். பிறகு சொல்லிவிட்டு வெளியே போகலாம், இடம் காத்திருக்கும். எனக்கு முன்னால் சாம்பல் நிறச் சால்வை போட்ட ஒரு பெண் நின்றார். எனக்குப் பசித்தது. “பாண் வாங்கப் போய் வருகிறேன்” என்று நம் வீட்டு வழக்கப்படியே ருஷ்ய மொழியில் அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். பேக்கரி ரயில் நிலையத்துக்கு அருகே. ஒரு ரயில் வந்தது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏறிவிட்டேன். அங்கே என்ன கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தால் எழுது.

மார்ச்சில் அம்மாவின் இருதய ஒப்பரேசனுக்கு நீ வந்துவிடுவாய் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பயத்தைக் காட்டிக்கொள்ளமாட்டார். நீ பக்கத்தில் இல்லாமல் அந்த மேசையில் ஏறமாட்டார் என்பது என் எண்ணம். பிழையாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
மாமா தம்பித்துரை


அக்தெமிர்
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். குதிரைப் பால் தவிர எல்லாம் ஒத்துக்கொள்கிறது. உங்கள் முழங்காலைக் குளிரில் நடத்தாதீர்கள்.

உங்கள் கதையை என்னோடு வேலை செய்யும் அய்னுராவுக்குச் சொன்னேன். “உன்ர மாமா பாண் வாங்கச் சுவிஸ் வரைக்கும் போனவரோ?” என்று கேட்டாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் வேலை இதுதான்: காணிப் பதிவு, பிறப்புப் பதிவு, ஓய்வூதியம், கடை அனுமதி எல்லாவற்றையும் ஒரே கூடத்துக்குள் கொண்டுவருவது. நிறுவனங்கள் சீரானால்தான் வளர்ச்சி வரும் என்று திட்ட அறிக்கையின் முதல் வரி சொல்கிறது. எங்கள் பெயர்ப்பலகையை மாட்டப் பழையதைக் கழற்றினோம். அதற்குக் கீழே இன்னொன்று. தனியார்மயமாக்கல் முகவரகம், அதன் கீழே ஒரு வங்கி, அதன் கீழே கட்சிக் குழு. வெங்காயம் உரித்த மாதிரி இருந்தது.

வரிசைதான் விசித்திரம். ஆட்கள் நெருங்கி நிற்கிறார்கள், ஆனால் இடையிடையே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். நான் ஒன்றுக்குள் காலை வைத்தேன். ஒரு பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அதில ஆள் நிக்குது.”

“எங்க ஆள்?”

“வெளியில போயிருக்கிறார். வருவார்.”

“எப்ப போனவர்?”

நான் முட்டாள்தனமாக எதையோ கேட்ட மாதிரி எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கவலையில்லை, இலக்கச் சீட்டு இயந்திரம் சுவிசில் இருந்து வருகிறது.

அம்மாவுக்கு மார்ச்சில் நான் கட்டாயம் நிற்பேன்.

அன்பு மறவாத,
தர்சினி


லா ஷோ-து-ஃபோன்
10 நவம்பர் 2024

அன்புள்ள தர்சினிக்கு,

சுகமாக இருக்கிறேன். முதல் பனி விழுந்துவிட்டது. நேர்கோட்டுத் தெருக்களில் எல்லாம் ஒரே வெள்ளை, என் வீடு எந்தத் தெரு என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. உன் சளி மாறிவிட்டதா என்று அம்மா கேட்கிறார். சளி பிடித்ததை நீ எனக்கு எழுதவில்லை.

வெற்றிடங்களைப் பற்றி யோசித்தேன். எங்கள் பேராசிரியர்கள் விலையை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தால் வரிசை ஒரே மாதத்தில் மறைந்துவிடும் என்றார்கள். நாணயம் மாறியது, கொடி மாறியது. ஆனால் அந்த மக்களை ஏமாற்றாத ஒன்றாக இருந்தது ‘நான் உங்களுக்குப் பின்னால்’ என்ற சொல் மட்டும்தான். அதைக் கைவிட அவர்களுக்கு மனம் வராதது நியாயமே. இது வெறும் பழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. நீ பயப்படுவதாக எழுதவும் இல்லை. நான்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே அஞ்சலகத்தில் சீட்டு எடுத்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கூச்சமுள்ள எனக்கு அது பெரிய ஆறுதல். உன் இயந்திரமும் நல்லதைச் செய்யும்.

ஒன்று மட்டும். அந்தக் கட்டடத்தின் முகப்பில் நின்றுபோன மணிக்கூடு உண்டா? நான் அன்று நின்ற கட்டடத்தில் இருந்தது, சும்மா கேட்கிறேன். இன்னொன்று, விளையாட்டாகவும் அங்கே ‘யார் கடைசி?’ என்று கேட்காதே.

அன்புடன்,
மாமா


அக்தெமிர்
30 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் சூடாக இருக்கிறீர்களா?

மணிக்கூடு உண்டு. நின்றுபோய்த்தான் இருக்கிறது.

இயந்திரத்தைத் திறந்துவைக்கத் தலைநகரில் இருந்து ஆட்கள் வந்தார்கள், நாடா வெட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அடுத்த நாள் முதல் அது சில இலக்கங்களைத் தாண்டிச் சீட்டுக் கொடுக்கிறது. யாருக்கும் கொடுக்காத அந்த இலக்கங்கள் பலகையில் ஒளிர்கின்றன. ஒருவரும் எழுந்து போவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த இலக்கம் வரும். இயந்திரத்தில் பழுதில்லை என்று பொறியாளர் சொல்லிவிட்டார். சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மக்கள் பழையபடியே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த வரிசை எங்கள் அலுவலர்கள் இருக்கும் கருமபீடங்களுக்கு வருவதில்லை, பக்கத்து நடைகூடத்துக்குள் போய்த் திரும்புகிறது. கட்டட வரைபடத்தில் திருப்பத்துக்கு அப்பால் சுவர்.

உங்கள் கடிதம் பிந்தி வந்துவிட்டது மாமா. நான் கேட்டுவிட்டேன். ஆய்வுக்காகத்தான். வாலில் போய் நின்று “யார் கடைசி?” என்றேன். முன்னால் வெகு தூரத்தில் ஒரு பெண் திரும்பினாள். சாம்பல் நிறச் சால்வை.

“நீ கடைசி இல்லை பிள்ளை. உன்ர ஆள் இஞ்ச, எனக்குப் பின்னால நிக்கிறார். மண்ணிற ஓவர்கோட்டுக்காரர். பாண் வாங்கப் போனவர்.”

அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் அளவு வெற்றிடம்.

அய்னுரா என் கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். அவள் ஓவர்கோட்டின் நிறத்தையும் அறியமாட்டாள், நீங்கள் எனக்கே அதை எழுதவில்லை. அந்தப் பெண் அம்மாவைவிட இளமை. நாற்பது இருக்கும்.

உங்களிடம் மண்ணிற ஓவர்கோட் இருந்ததா?

தர்சினி


வின்டர்தூர்
20 டிசம்பர் 2024

அண்ணைக்கு கஜலக்சுமி எழுதுறது,

நான் மருந்தோட மருந்தா இருக்கிறன். படி ஏறினா மூச்சு வாங்குது. நீங்கள் சுகமோ, சமைச்சுச் சாப்பிடுறீங்களோ, இல்லாட்டி பழையபடி பாணும் சீசுமோ?

பிள்ளைக்கு ஏன் பதில் போடேல்லை? உங்களிட்ட மண்ணிற ஓவர்கோட் இருந்ததோ எண்டு போனில கேக்கிறாள். ஓம், அதைப் போட்டுக்கொண்டுதானே அகதியா வந்து இறங்கினவர், கொலர் கிழியுமட்டும் கழட்டேல்லை, நான் எறியச் சொல்லியும் கேக்கேல்லை எண்டு சொன்னன். அதை இன்னொருக்காச் சொல்லச் சொன்னாள். பின்னால ஆக்கள் நிறையப் பேர் நிக்கிற மாதிரி மூச்சுச் சத்தம், ஆனா ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

ஒப்பரேசன் மார்ச் பன்ரெண்டாம் திகதி. அவள் வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டன், டொக்டருக்கும் சொல்லிப்போட்டன். அவளைக் கூப்பிடுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாள்.

கஜலக்சுமி


லா ஷோ-து-ஃபோன்
5 ஜனவரி 2025

அன்புள்ள தர்சினிக்கு,

புத்தாண்டு நலமாக அமையட்டும். பதில் பிந்தியதற்கு உடம்பு காரணமல்ல. பலமுறை எழுதிக் கிழித்தேன்.

ஒழுங்காக யோசிப்போம். அக்காலத்தில் அங்கே ஆசிய மாணவர்கள் பலர் இருந்தார்கள். ஓவர்கோட்டுகள் ஒரே அரசாங்கத் தொழிற்சாலையில் ஒரே நிறத்தில் வந்தன. பசித்தவர் எவரும் பாண் வாங்கப் போவார். சால்வைக்காரி அந்தப் பெண்ணின் மகளாக இருக்கலாம், சால்வையும் கதையும் தாயிடமிருந்து வந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த விளக்கங்கள் எனக்கே போதவில்லை.

நீ புறப்பட்டு வா. அறிக்கையை வின்டர்தூரில் இருந்தே எழுதலாம். அம்மாவுக்காகக் கேட்கிறேன், எனக்காகவும்.

மாமா


அக்தெமிர்
26 ஜனவரி 2025

மாமாவுக்கு,

சால்வைக்காரிக்கு மகள் இல்லை. கேட்டேன்.

கோபிக்காதீர்கள், நான் இப்போது உங்கள் இடத்தில் நிற்கிறேன். “சொந்தக்காரர் நிக்கலாம், அவர் வருமட்டும்” என்று அவர்கள் சொன்னார்கள். முதலில் வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது வேலைக்குப் போவதில்லை. அய்னுரா வந்து திட்டினாள், அழுதாள், சூப் கொண்டுவந்து தருகிறாள். அவளுடைய கண்ணுக்கு வரிசை தெரிகிறது, ஆனால் சால்வைக்காரி தெரியவில்லையாம். நான் சுவரோடு கதைக்கிறேனாம்.

திட்டம் நன்றாகப் போகிறது. புதுக் கடைகள் திறந்திருக்கின்றன, வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட மேல். கூடத்தில் கருமபீடங்கள் வேகமாக நடக்கின்றன. இந்த வரிசையும் நகர்கிறது, மெதுவாக. திருப்பம் தெரிகிறது. சுவர் இல்லை, நடைகூடம் போகிறது.

இங்கே யாரும் இடிப்பதில்லை. ஒருவரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. எங்கள் முறை வந்ததும் வந்துவிடுவேன்.

தர்சினி


லா ஷோ-து-ஃபோன்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள தர்சினிக்கு,

சாப்பிடுகிறாயா? கால் வீங்கியிருக்கிறதா? உண்மையை எழுது.

அம்மா மயங்கி விழுந்தார். திகதியைத் தள்ள முடியாது என்கிறார் டொக்டர். நீ இல்லாமல் முடியாது என்கிறார் அம்மா. இருவரும் அசைவதாக இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் எழுது. இடத்துக்கு உரியவர் வந்தால், அதுவரை நின்றவர் போகலாமா?

இங்கே பழைய சாமான் கடையில் கம்பளி உள்வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். இந்த ஊர்ப் பனிக்கு. கீழ் வீட்டு மேர்சியிடம் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன், குனிய முடியவில்லை என்பதால்.

மாமா


அக்தெமிர்
20 பெப்ரவரி 2025

மாமா,

போகலாம்.

ஆனால் வரவேண்டாம். அஞ்சலகத்தில் சத்தமாகப் பெயர் கூப்பிட்டாலே உங்களுக்கு வியர்க்கும். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. கால்தான் எழும்பவில்லை.

த.


வின்டர்தூர்
16 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார், கண் திறந்ததும் “அண்ணை எங்க?” என்றுதான் கேட்டார். பயணத்தில் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கால் எப்படி? எங்கே தூங்குகிறீர்கள்? இதை அய்னுரா உங்கள் கையில் தருவாள்.

நீங்கள் கதவைத் திறந்து வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஓவர்கோட்டை முப்பத்து மூன்று வருடமாக எங்கே வைத்திருந்தீர்கள்? கையில் லா ஷோ-து-ஃபோன் பேக்கரிப் பை. சால்வைக்காரி உங்களை மேலும் கீழும் பார்த்துச் சொன்னது ருஷ்ய மொழியில் என்றாலும் என் காதில் தமிழாகத்தான் இருக்கிறது.

“பாண் வாங்கத்தானே போனனீர்? கோதுமை விதைச்சு அறுத்துக்கொண்டு வாறீரோ?”

முழு வரிசையும் சிரித்தது. வெற்றிடங்களில் இருந்தும் சிரிப்பு வந்தது மாமா. நீங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு பாணைப் பிய்த்து முன்னும் பின்னும் கொடுத்தீர்கள். வெற்றிடத்தைத் தாண்டும்போதும் பாண் கீழே விழவில்லை, கைமாறிக்கொண்டே போனது. பிறகு என் தோளைத் தொட்டு, “வெளியில வா பிள்ளை, இது என்ர இடம்” என்றீர்கள். கால் எழும்பியது.

ஒருவரையும் அவமதிக்காமல் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். இப்போது நீங்கள் வெளிக்கிட்டு வாருங்கள்.

இங்கே கடையில் பணம் கட்ட நின்றால் எனக்குப் பின்னால் நிற்பவர் சற்றுத் தள்ளியே நிற்கிறார். சுவிஸ்காரர் எப்போதும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தர்சினி


அக்தெமிர்
30 மார்ச் 2025

அன்புள்ள தர்சினிக்கு,

அம்மாவின் செய்தியை வரிசைக்குச் சொன்னேன். தலையசைத்தார்கள். எனக்குக் குறையொன்றும் இல்லை. முழங்கால் வலி இங்கே வந்தபின் இல்லை, பசியும் இல்லை. அது நல்லதா என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குப் பின்னால் நிற்கும் முதியவர் சற்று விலகி நிற்கிறார். நாகரிகமானவர் என்று நினைத்தேன். நேற்று அந்த இடைவெளிக்குள் என் பையை வைத்தேன். அவர் குனிந்து அதை எடுத்து என்னிடம் தந்தார். “பிள்ளை நிக்குது” என்றார்.

புறப்படும்போது அவரிடம் என்ன சொன்னாய்? உனக்கு நினைவில்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். எந்த வீட்டு வாசலில் இருந்தும் ‘போகிறேன்’ என்று சொல்லி இறங்காதே என்றுதான் உன்னை வளர்த்தோம். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ‘போய் வருகிறேன்’ என்பது நமக்கு மரியாதை. இவர்களுக்கு அது வாக்கு. ஒரு நாட்டின் சட்டங்கள் எல்லாம் கலைந்தபின்னும் இவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது அந்த வாக்கை மட்டும்தான்.

ஒரு தாளில் ருஷ்ய மொழியில் ஒரே வரி எழுதி அனுப்பு: நான் வரமாட்டேன். அம்மா தடுப்பார். பொருட்படுத்தாதே. கடையில் உனக்குப் பின்னால் உள்ள இடைவெளி வளருமுன் எழுது.

மாமா


வின்டர்தூர்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார். நாளைக்குப் புதுவருடம், இன்றைக்குப் பார்த்து இப்படி ஒரு வரியை எழுதுகிறாயே என்று பேனாவைப் பறித்து வைத்துக்கொண்டார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கதிரையில் இருந்தபடியே அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு பேனாவைத் தந்து, “எழுது. ஆனா அண்ணைக்கு நான் வாங்கோ எண்டுதான் சொல்லுவன்” என்றார்.

தாள் இதனுடன் இருக்கிறது.

அதை வாசித்துவிட்டு நீங்களும் அப்படியே சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அய்னுரா ரயிலில் ஏற்றிவிடுவாள். உங்கள் அறையில் புதுப் போர்வை போட்டு வைத்திருக்கிறோம்.

தர்சினி


அக்தெமிர்
4 மே 2025

அன்புள்ள தர்சினிக்கும் தங்கை கஜலக்சுமிக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். கஜலக்சுமி, மாத்திரையை நேரத்துக்கு எடு.

தாளைச் சத்தமாக வாசித்தேன். இவ்வளவு பேர் முன்னால் நான் சத்தமாக வாசித்தது இதுவே முதல் தடவை. முதியவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சால்வைக்காரி வெற்றிடத்தைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு முதியவர் ஓர் அடி முன்னால் வந்தார். அவருடைய மூச்சு இப்போது என் கழுத்தில் படுகிறது. உனக்கு இங்கே இடமில்லை, தர்சினி. நிம்மதியாகக் கடைக்குப் போ.

என்னைப் பற்றி. அந்த வரியைச் சொல்லிவிட்டு நானும் வெளியேறலாம். இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். ஆய்வேட்டை முடிக்கவில்லை. பிரெஞ்சு வகுப்பை முடிக்கவில்லை. திருமணப் பேச்சில் பெண் வீட்டார் பதில் சொல்லுமுன் எழுந்து வந்துவிட்டேன். எந்த வரிசையிலும் நான் முன்னால் போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது திருப்பத்தைத் தாண்டிவிட்டோம். யன்னல் தெரிகிறது. சின்ன யன்னல், மஞ்சள் வெளிச்சம். அதற்குள் ஒரு கை இருக்கிறது, அசைகிறது. சால்வைக்காரிக்கு முன்னால் இன்னும் சிலர்தான். என்ன கொடுக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். “ஆருக்குத் தெரியும்? முடியுமுன்னம் போய்ச் சேர்ந்தால் காணும்” என்றார். யன்னலுக்குப் போனவர்கள் இந்த வழியால் திரும்புவதில்லை. வேறு கதவு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் பயந்துதான் இருக்கிறேன், ஆனால் நிற்கிறேன்.

மேர்சியிடம் பூச்சாடிகளை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்காக எந்த வாசலிலும் இடம் விட்டு வைக்கவேண்டாம். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நம் வழக்கப்படி முடிக்காமல் விடுகிறேன். கஜலக்சுமி கோபிக்கக்கூடாது.

போகிறேன்.

தம்பித்துரை